மர்ஷூதா ஓம் சொன்ன நாள்

சாய்ந்தமருதில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ரொக்கெட் கேக் வேண்டுமென்று யார் கேட்டாலும் மர்ஷூதாவின் வீட்டைக் கைகாட்டி விடுவார்கள். காட்டும்போதே ஒரு புத்திமதியும் இலவசமாகக் கிடைக்கும்: "கேக் ருசியா இரிக்கும். ஆனா உச்சியில ஒரு ஊசி வெப்பா. அதக் கழட்டச் சொல்லிராதீங்க, புறகு கேக்கே கிடைக்காது."

இந்தப் புத்திமதியைக் காதில் வாங்காத ஒருவர் ஒருநாள் கல்முனைக்குடியிலிருந்து மனைவியோடு வந்திருந்தார். கேக் பெட்டி மூட மறுத்தது. "தங்கச்சி, இந்த ஊசிய மட்டும் எடுத்துட்டா மூடிரலாம்" என்று விரலை நீட்டினார்.

"காக்கா, கையெடுங்க!" என்று அண்ணன் முறை சொல்லித் தடுத்தாள் மர்ஷூதா. "அது ஊசியில்ல. உள்ளுக்கு மூணு பேர் இரிக்காங்க. கீழ நெருப்புப் பத்தினா அவங்களப் பிடுங்கிட்டுப் போறது அதுதான். அத எடுத்துட்டு நான் எப்புடி அவங்கள மேல அனுப்புற?"

அவர் கேக்கை உற்றுப் பார்த்தார். உள்ளே வெனிலாவும் கஜுவும் தவிர வேறு யாரும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. ஆனாலும் அவள் குரலில் இருந்த பதற்றம் அவரையும் பிடித்துக்கொண்டது. பெட்டி மூடியில் கத்தியால் ஓட்டை போட்டு, ஊசியை வெளியே நீட்டவிட்டு, மனைவியின் மடியில் வைத்து மோட்டார் சைக்கிளில் மெதுவாகக் கொண்டுபோனார். போகும்போது, "பள்ளத்தில விட்டுராதீங்க, உள்ளுக்கு ஆக்கள் இரிக்காங்க" என்று மனைவி சொன்னது வாசல் வரை கேட்டது.

இந்தக் கிறுக்கு மர்ஷூதாவுக்குப் பிறவியில் வந்ததல்ல. பாண்டிருப்பு கனகேஸ்வரி ரீச்சர் கொண்டுவந்து கொடுத்தது. தன் மகனுக்கு ரொக்கெட் கேக் வேண்டுமென்று ரீச்சர் கேட்டபோது, அதுவரை வாத்தும் வண்ணத்துப்பூச்சியும் செய்துகொண்டிருந்த மர்ஷூதா, படம் பார்ப்பதற்காகப் போனில் தேடினாள். ஆட்கள் ஏறிப்போகும் ரொக்கெட் ஒன்றின் படம் வந்தது. அதன் தலையில் ஒல்லியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இடிதாங்கியாக இருக்கும் என்று நினைத்தாள். அதுவும் ஒரு ரொக்கெட்தான் என்று வாசித்தபோது கையிலிருந்த மா கலக்கும் கரண்டி அப்படியே நின்றது.

பெரிய ரொக்கெட்டின் உச்சியில் ஆட்கள் இருக்கும் கூடு. அந்தக் கூட்டின் தலையில் ஒரு சின்ன ரொக்கெட். கீழே ஏதாவது வெடித்தால், கண்மூடித் திறப்பதற்குள் சின்னது பற்றிக்கொண்டு, கூட்டை மட்டும் பிடுங்கியெடுத்து, எட்டத்தில் கொண்டுபோய்க் குடை விரிக்க விட்டுவிடும். கீழே எல்லாம் நன்றாகவே நடந்தால் சின்னதுக்கு வேலையே இல்லை. கொஞ்ச உயரம் போனதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஒரு நாளும் தேவைப்படக் கூடாதென்று துஆ கேட்டுக்கொண்டே இவ்வளவு கவனமாக ஒன்றைச் செய்து தலைமேல் வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு ரீச்சரின் மகனுக்குப் போன கேக்கில் ஊசி வைத்தவள்தான், பிறகு நிறுத்தவில்லை.

அதிலிருந்து எந்த நாட்டில் ஆட்கள் ஏறிப் போனாலும் மர்ஷூதா போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். மற்றவர்கள் மேலே போவதைப் பார்ப்பார்கள். இவள் தப்பிக்கிற வழியைப் பார்ப்பாள். எந்த உயரத்தில் என்ன செய்வார்கள், கையால் இழுக்கும் பிடி எங்கே இருக்கும், எந்த நொடிக்குப் பிறகு அந்த ஊசி வேண்டியதில்லை, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏவும் தளத்திலேயே தீப்பிடித்து வயர்களெல்லாம் கருகிவிட, வெவ்வேறு அறையில் இருந்த இரண்டு பேர் சேர்ந்து பொத்தானை அழுத்தி உள்ளேயிருந்தவர்களைக் காப்பாற்றிய பழைய கதையை அவள் சொல்லும்போது, "கலியாணக் காவினுக்கு ரெண்டு சாட்சி மாதிரி" என்று அவளைப் பெற்ற சல்மா உம்மாவே ஒருமுறை வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார். பிறகு, "சரி சரி, அடுப்புல இரிக்கிறதப் பாரு" என்று சுதாரித்துக்கொண்டார்.

ரொக்கெட் கிளம்புவதற்கு முன் ஒரு சடங்கு நடக்கும். அதுதான் மர்ஷூதாவுக்கு மிகப் பிடித்தது. ஒவ்வொரு மேசையாகப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். ஒவ்வொருவரும் வாய் திறந்து, போகலாம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் பேசாமல் இருந்தால், சரிதானே என்று வைத்துக்கொண்டு யாரும் ரொக்கெட்டைக் கொளுத்துவதில்லை.

இதைப் பார்க்கும் போதெல்லாம் அவளுக்கு, தாத்தா என்று அவள் கூப்பிடும் மூத்த சகோதரி சிபானாவின் ஞாபகம் வரும். சிபானாவின் காவின் அன்று, மருதோண்டி போட்டு முந்தின இரவு முழுதும் விழித்திருந்த களைப்பில், மணப்பெண் முக்காட்டுக்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாப்பா ஆதம்பாவா இரண்டு சாட்சிகளோடு வந்து, குனிந்த தலையோடு, "சம்மதமா மகள்?" என்று கேட்டார். பதில் இல்லை. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம். ஆதம்பாவா சந்தோசமாகப் போய்ச் சொல்ல, காவின் முடிந்தது. சிபானா எழும்பும்போது புருசன்காரன் ஒருவன் இருந்தான். நல்ல மனிதன்தான், மூன்று பிள்ளைகள், ஒரு குறையுமில்லை. ஆனாலும் ஊரில் இன்றைக்கும் அவளுக்குப் பெயர் தூக்கத்தில் கலியாணம் முடித்தவள்.

"சிரிக்க நல்லாத்தான் இரிக்கி" என்பாள் மர்ஷூதா. "அவ செத்துக் கிடந்திருந்தாலும் சம்மதம் எண்டுதானே போயிருப்பீங்க?"

ஆதம்பாவாவுக்கு மாவடிப்பள்ளிப் பக்கம் வயலும் கல்முனையில் நெல் வியாபாரமும். மகள்மார் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுப்பதுதான் வாழ்க்கை என்று இருந்த மனிதர். இந்தக் கரையில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம். மர்ஷூதாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பியதும், வயர் இழுப்பதற்கு மருதமுனையிலிருந்து நளீம் என்ற இளைஞனைக் கூப்பிட்டார். அவன் வேலை சுத்தம், பேச்சு குறைவு, வக்துக்கு வக்து தொழுகை. வேலை முடிவதற்குள் ஆதம்பாவா அவன் வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டார். வீட்டுக்கு வயர் இழுக்க வந்தவனை வீட்டுக்காரனாகவே ஆக்கிவிட்டார் என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பேச்சு முற்றானதும் நளீம் போன் எடுத்தான். இரண்டு பேருக்கும் வாய்க்குள் கொழுக்கட்டை.

"கேக் செய்றீங்களாம்."

"ஓம்."

"என்ன கேக்?"

"ரொக்கெட்."

அவ்வளவுதான், போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தவள், போனால் போகட்டும் என்று ஊசியின் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நளீம் கேட்டான்:

"அது சரி, கீழ பிரச்சினையெண்டு மேல இரிக்கிற சின்ன ரொக்கெட்டுக்கு எப்புடித் தெரியும்?"

இத்தனை வருசத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. மர்ஷூதா மா மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"முந்தி சந்திரனுக்குப் போன ரொக்கெட்டில மேலயிருந்து கீழ வரைக்கும் மூணு வயர் ஓடும். எப்பவும் கரண்ட் இரிக்கும். அதில ரெண்டு செத்தா, ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவல்ல, தானாப் பிடுங்கிட்டுப் போயிரும்."

"அப்ப ஆபத்து எண்டு ஒரு சிக்னலும் வாறதில்ல" என்றான் நளீம் மெதுவாக. "சுகம், சுகம் எண்டு வந்துக்கிட்டிரிக்கிற சிக்னல் நிண்டா, அதுதான் ஆபத்து."

"ஓம்!"

"ஏன் மூணு?"

"ஒரு வயர் சும்மா அறுந்ததுக்கெல்லாம் மனிசர வீணாத் தூக்கி எறியப்படாதுதானே. மூணில ரெண்டு."

"சரியான வேலை" என்றான் நளீம். மின்சார வேலைக்காரன் ஒருவனின் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது. மர்ஷூதாவுக்குத் தலைகால் புரியவில்லை. இவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். சம்மதம் என்றால் அதுதான் சம்மதம். அதை அவள் தன் வாயாலே சொல்ல வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும் என்று சல்மா உம்மாவுக்குத் தெரியும். "வாய் துறந்து மாப்பிள்ள கேட்டவ எண்டு சாகும் வரைக்கும் சொல்லுவாங்கடி. நான் பேசினனா? தாத்தா பேசினாவா?"

"தாத்தா கொறட்ட விட்டா உம்மா."

"காவின்ல கையெழுத்து வாப்பா போடுவார், ஏத்துக்கிட்டன் எண்டு கபூல் மாப்பிள்ள சொல்லுவார். நீ தலையக் குனிஞ்சிக்கிட்டு இரிந்தாப் போதும்."

"அவ்வளவு பேரும் பேசுற இடத்தில எனக்கு ஒரே ஒரு சொல்லுத்தானே உம்மா. அதையும் நான் சொல்லாம விட்டா, கலியாணம் முடிக்கிறது ஆரு?"

சல்மா உம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். மகள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவருக்குத் தெரியும்.

நளீமிடமும் அவள் சொல்லிவைத்தாள். "கேக்க வருவாங்க. நான் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஓம் எண்டு சொல்லுவன். சத்தம் வரல்லயெண்டா வயர் அறுந்துட்டு, நான் பிடுங்கிட்டுப் போயிட்டன் எண்டு வெச்சுக்கங்க." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நளீம் சிரிக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னான். அவன் எதையும் காற்றில் விடுகிற ஆளில்லை.

காவின் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என்று நாள் குறித்தார்கள். அதே நாளில், நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னால், தூரத்து நாடு ஒன்றில் மூன்று பேர் ஏறிப் போவதற்கு அவர்களும் நாள் குறித்திருந்தார்கள். எந்த நாடு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. மர்ஷூதா இரண்டையும் விடுவதாக இல்லை. கையில் பச்சை மருதோண்டி, தலையில் பாதி பின்னல், எதிரே கண்ணாடிக்குப் பதிலாகப் போன். சிபானா பின்னலைப் பிடித்துக்கொண்டு, "தலைய ஆட்டாதடி" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மேசை மேசையாகக் கேட்டார்கள். எல்லோரும் வாய் திறந்து சொன்னார்கள். ரொக்கெட் கிளம்பியது. ஒழுங்காகத்தான் போனது. பிறகு அதன் வால் பக்கம் ஒரு வெளிச்சம் தப்பான இடத்தில் வந்தது. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் நின்றார்.

"இழு!" என்று அலறினாள் மர்ஷூதா.

உச்சியில் ஊசி பற்றிக்கொண்டது. பெரிய ரொக்கெட்டிலிருந்து கூடு பிய்ந்து, வானத்தில் ஒரு பக்கமாகப் பறந்தது. கீழே மிச்சமெல்லாம் புகையும் நெருப்பும். "இழு! இழு! பிடுங்கிட்டுப் போ! விட்டுராத!" பின்னல் சிபானாவின் கையோடு போனது. சமையல் கொட்டிலிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்கள். யாரோ கேஸ் சிலிண்டரை மூடச் சொல்லிக் கத்தினார்கள். கட்டிலின் மேல் ஏறி நின்ற மணப்பெண், மருதோண்டிக் கையால் சுவரைக் குத்திக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தாள். குடை விரிய வேண்டும். இன்னும் விரியவில்லை. உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். யா அல்லாஹ், உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள்.

குடை விரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாக, வானம் நிறைய. கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூன்று பேரும் பேசிவிட்டார்கள்.

மர்ஷூதா அழுதாள், சிரித்தாள், அகப்பையோடு வந்தவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். நான்கு வருசமாக வேலையே வரக்கூடாதென்று அவள் துஆ கேட்ட அந்தச் சின்ன ரொக்கெட், வேலை வந்தபோது செய்துவிட்டது. "கண்டீங்களா உம்மா!" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

முதலில் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. தண்ணீர் குடித்தாள், திரும்பச் சொல்லிப் பார்த்தாள். காற்று. சல்மா உம்மா இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தார், தேன் கொடுத்தார், குல்ஹுவல்லாஹு ஓதித் தொண்டையில் ஊதினார். அஸர் நெருங்க நெருங்க மர்ஷூதாவின் முகத்தில் ஈயாடவில்லை. நளீமுக்குச் செய்தி அனுப்பினாள், போய்ச் சேரவில்லை. மாப்பிள்ளையின் போனைக் கூட்டாளிமார் காலையிலேயே பிடுங்கி வைத்துவிட்டார்கள், அது அவர்கள் விளையாட்டு. பிடுங்கும் முன்னர் அவனும் ரொக்கெட்டைப் பார்த்திருந்தான்.

"அல்லாஹ் நல்லதுக்குத்தான் செஞ்சிரிக்கான்" என்றார் சல்மா உம்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே. "இப்பயாவது குமர்ப்பிள்ள மாதிரி இரி." சொல்லும்போது அவர் மகளின் கண்ணைப் பார்க்கவில்லை.

பந்தலில் நானூறு பேர் இருந்தார்கள். காவின் நடத்த வந்த நூஹு மௌலவி கலியாணக் குத்பா ஓதி முடித்தார். ஆதம்பாவா இரண்டு சாட்சிகளோடு அறைக்குள் வந்தார். மகளின் தொண்டை போன செய்தி எட்டாமல், அவள் சத்தம் போட்டு மானத்தை வாங்கப் போகிறாள் என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்காமல் இருந்தவர். மூவரும் முறைப்படி நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஆதம்பாவா ஒரே மூச்சில் கேட்டார்: "மருதமுனை நளீமுக்கு ஒங்களக் காவின் முடிச்சுக் குடுக்கச் சம்மதமா மகள்?"

மர்ஷூதா நெஞ்சு நிறைய மூச்சிழுத்துத் தன் ஒரே சொல்லைச் சொன்னாள். முக்காட்டுத் துணி கொஞ்சம் அசைந்தது. தலையை ஆட்டினாள், கையை வீசினாள். நிலத்தைப் பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தண்ணீர் கேட்கிறாள் என்று சிபானா கிளாசை நீட்டினாள்.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஆதம்பாவா. மகள் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். ஏறக்குறைய ஓடினார்.

பந்தலில் நளீம் அவருடைய கையைப் பிடித்தபடி கேட்டான். "மாமா, அவ என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல மருமகன். சம்மதம்தான்."

"ஒண்டுமே சொல்லல்லயா?"

"மூச்சு விட்ட சத்தம்கூட இல்ல. அவ்வளவு அடக்கம்!"

நளீமின் முகம் வெளிறிப் போனது. பிடித்த கையை விட்டான். "அப்ப நான் கபூல் சொல்லேலாது."

மைக் போட்டிருந்தது. நானூறு பேருக்கும் கேட்டது. நளீமின் பெரிய மாமா பாயிலிருந்து எழும்பினார். "என்னடா, பொண்ணு வேணாமா?"

"எனக்கு வேணும் மாமா. அவக்குத்தான் வேணாமாம்."

"ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. அதுதான் பிரச்சினை."

பிறகு அவன், பேச்சு குறைந்த அந்த நளீம், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மூன்று வயரின் கதையைக் மௌலவிக்கும் நானூறு பேருக்கும் விளங்கப்படுத்தினான். எப்போதும் கரண்ட் ஓட வேண்டும் என்றான். சத்தம் நின்றால் உள்ளே இருப்பவர் போய்விட்டார் என்று அர்த்தம் என்றான். இன்றைக்குக் காலையில்கூட அப்படித்தான் மூன்று பேர் தப்பினார்கள் என்றபோது அவன் குரல் உடைந்தது. பந்தலில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளைக்குக் கரண்ட் அடித்துவிட்டது என்று பட்டது. மீதிப் பேர் கதை சுவாரசியமாக இருக்கிறதே என்று முன்னால் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"மௌனம் சம்மதம் எண்டு கிதாபில இரிக்கிதே தம்பி" என்றார் நூஹு மௌலவி.

"இரிக்கி ஹஸறத். ஆனா சொல்லுவன் எண்டு அவ சொல்லியிரிந்தா."

மௌலவி தாடியைத் தடவினார். "வெக்கப்படுற பிள்ளைக்குத்தான் அந்த வழி. பேசுறன் எண்டு சொன்ன பிள்ளைக்கு நாம ஏன் வாயப் பொத்துவான்? போய் இன்னொருக்காக் கேளுங்க ஆதம்பாவா காக்கா."

அதற்குள் செய்தி அறைக்குள் போய்விட்டது. போகும் வழியில் கைகால் முளைத்து, மாப்பிள்ளை மாட்டேனென்று எழும்பிவிட்டார் என்றுதான் போனது. பெண்கள் நெஞ்சில் அடித்தார்கள். பின்னாலேயே வந்த ஒருத்தி முழுக்கதையையும் சொன்னாள்: பொண்ணு பேசவில்லையாம், அதனால் மாப்பிள்ளை பேசமாட்டாராம். மர்ஷூதாவின் கண் நிறைந்தது. அவர் கேட்டிருக்கிறார். மா மூட்டையின் மேல் உட்கார்ந்து சொன்ன அத்தனையையும் அந்த மனிதர் கேட்டிருக்கிறார்! சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டது என்று ஒருத்தி தலையில் தண்ணீர் தெளித்தாள்.

சாச்சி நஸீறா யன்னலால் தலையை நீட்டி, "ஓம்! ஓம்! அவக்குச் சம்மதம்!" என்று முழங்கினாள்.

"அது சாச்சியின்ட குரல்" என்றான் நளீம் வெளியே. "அவட இல்ல."

மர்ஷூதா எழும்பினாள். சேலையை அள்ளிப் பிடித்தாள். உம்மா முன்னால் நின்றார். வழிமறிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சல்மா உம்மா மகளின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்து ஒழுங்காக மூடிவிட்டு, கதவுத் திரையைத் தானே விலக்கிப் பிடித்தார்.

வாசல்படியில் மணப்பெண் வந்து நின்றதும் பந்தல் திகைத்துப் போனது. ஆதம்பாவாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூஹு மௌலவிதான் மைக்கை எடுத்து அவர் கையில் திணித்து, "கேளுங்க" என்றார். ஆதம்பாவா கேட்டார். மைக்கை மகளின் பக்கம் நீட்டினார்.

முதல் தடவை காற்று மட்டும் வந்தது. யாரோ இருமினார்கள், பக்கத்தில் இருந்தவர் அவருடைய வாயைப் பொத்தினார். சமையல் கொட்டிலில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜெனரேட்டரைக்கூட ஒருவர் ஓடிப்போய்த் தூரத் தள்ளினார். நானூறு ஆண்கள், ஒரு பெண்ணின் ஒரு சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்படி ஒன்று அந்தத் தெருவில் அதற்கு முன் நடந்ததில்லை.

மர்ஷூதா இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து இழுத்தாள். எண்ணெய் காணாத கதவு திறப்பது போல ஒரு சத்தம் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் உடைந்து, ஒலிபெருக்கியில் ஏறிக் கடற்கரை வரைக்கும் போனது.

"ஓ... ஓம்!"

"கேட்டுது!" என்று கத்தினான் நளீம். கத்தியபிறகுதான் அவனுக்கு வெட்கம் வந்தது. பந்தலே சிரித்தது, பெண்கள் குரவை போட்டார்கள், பெரிய மாமா தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கபூல் சொல்லப்பட்டது. மர்ஷூதாவுக்குச் சிறகு இருந்தால் பறந்திருப்பாள். இல்லாததால் திரைக்குப் பின்னால் நின்று சிபானாவின் தோளைக் கடித்தாள்.

சாப்பாடு தொடங்கியது. பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டங்களில், சஹன் சஹனாகச் சோறு போனது. குசினி வாசலில் உம்மாவும் வாப்பாவும் நிற்பதை மர்ஷூதா திரையிடுக்கால் பார்த்தாள். வாப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா முடிஞ்சிட்டு சல்மா" என்றார்.

"நல்லாத்தான் முடிஞ்சிட்டு" என்றார் சல்மா உம்மா. "நம்மட காவின்ல எங்கட வாப்பா வந்து கேட்டாரு. நான் பேசல்ல. ஏன் பேசல்லயெண்டு நீங்க ஒருநாளும் கேக்கல்லயே."

ஆதம்பாவா துண்டோடு அப்படியே நின்றார். "சம்மதம் எண்டுதான்..."

"முப்பது வருசம்" என்றார் சல்மா உம்மா. அவர் முகத்தில் கோபம் இல்லை. "இப்பக் கேளுங்க பாப்பம்."

ஆதம்பாவா சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். நெல் மூட்டை விலை பேசும்போது ஊரையே அதட்டுகிற மனிதர், புது மாப்பிள்ளையைவிட மோசமாக வியர்த்துக்கொண்டு, நிலத்தைப் பாராமல் மனைவியின் முகத்தையே பார்த்துக் கேட்டார்: "சல்மா, என்னை முடிக்க ஒங்களுக்குச் சம்மதமா?"

சல்மா உம்மா வட்டிலப்பத் தட்டுகளைக் கையில் எடுத்தார். அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் பெண்கள் பக்கம் நடந்தார்.

"சல்மா!" ஆதம்பாவா பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். "சல்மா, ஒண்டும் சொல்லாமப் போறீங்களே! பேசாமப் போனா நான் என்னெண்டு எடுக்கிற?"